இரண்டு டம்ளர் ஒயினும் ஒரு கல்யாண ஓலையும்

குடித்தால் தப்பு கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். பொய். பளிச்சென்று தெரியும். உறுத்தாது, அவ்வளவுதான். தப்பு நேர்ந்தால் மணியடிக்க மூளைக்குள் ஒரு ஆள் இருக்கிறானாம். மது அவனைத் தூங்கவைத்துவிடுகிறதாம். இதைப் பிற்பாடுதான் படித்தேன். என் செய்முறைத் தேர்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

முப்பத்தைந்து வருடம் மைசூரில் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். (ஒரு புள்ளி விட்டுப்போனதற்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.) மறு வருடம் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. 'ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்' என்று மாதா கோயில் பூசையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசிக்க வேண்டும். அன்று சனிக்கிழமை; மறுநாளே தொடங்காவிட்டால், கல்யாணமே நடத்தாத தவக்காலம் வந்துவிடும், மாப்பிள்ளையின் மஸ்கட் லீவும் முடிந்துவிடும். ஓலைக்கான படிவத்தை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அதன்பின் பங்கு ஃபாதர் நஞ்சன்கூட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

மதியம் சம்பந்தி வீட்டில் விருந்து. மாப்பிள்ளையின் அம்மா ரோஸி டீச்சர், கணவரை இழந்தவர், தன் கையால் போட்ட திராட்சை ஒயினை ஊற்றினார்.

"வீட்டு ஒயின்தான் அண்ணா, ஜூஸ் மாதிரி."

இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டுப் படிவத்தைப் பிரித்தேன். முதல் வரியில் என் பெயரை எழுதியே பழகிய கை, மணமகன் என்ற இடத்தில் அதையே எழுதியது. வயதையும் சேர்த்தது. அடுத்து, "உங்க பேர் டீச்சர்?" அவர் முழுப்பெயரையும் நிறுத்திச் சொன்னார். மணமகள் என்ற இடத்தில் அழகாக எழுதினேன்.

தப்பு தெரிந்தது. பக்கத்து ஆபீஸ்காரன் செய்த தப்பைப் பார்ப்பதுபோல ஒரு நிம்மதிதான் வந்தது.

"ஒருதரம் காட்டுங்க, ரீ," என்றாள் மனைவி ஸ்டெல்லா. (எங்கள் வீட்டு 'என்னங்க', மைசூருக்கு வந்து கன்னடத்து 'ரீ' ஆகிவிட்டது.)

"நான் எழுதினதை இன்னொருத்தர் சரிபார்க்கிறதா?" கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டேன்.

எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். ஃபாதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கவே படித்தார். "மணமகன் சூசைராஜ், வயது அறுபத்தொன்று. மணமகள் ரோஸி மேரி..." நிமிர்ந்தார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு உண்டு ஃபாதர்," என்றாள் ஸ்டெல்லா.

ரோஸி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அசரவில்லை. "அடிச்சுத் திருத்திச் சுருக்கொப்பம் வெச்சா செல்லும், ஃபாதர்."

"வாசனை இங்க வரைக்கும் வருது. இதை நான் வாங்க மாட்டேன்."

மணி நாலே முக்கால். ஷீபாவின் முகம் வெளுத்துவிட்டது. புதுப் படிவம் ஒன்றை வாங்கி, ஃபாதரின் ஸ்கூட்டர் சீட்டில் வைத்து மளமளவென்று எழுதினாள்.

"அப்பா, விரல் வைக்கிற இடத்துல கையெழுத்து. வேற ஒரு எழுத்து எழுதினீங்க, பாருங்க!"

போட்டேன். ஃபாதர் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் நடந்தது, சரியான மணமகனோடு.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் படிவமும் என் கைக்கு வருவதில்லை. நவம்பரில் பென்ஷனுக்குக் கொடுக்கும் உயிர்ச் சான்றுகூட ஸ்டெல்லா எழுதுவதுதான். மனைவி பெயர் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"யாரை எழுதட்டும், ரீ?"