சந்தேகத்துக்குத் தூக்கிய கை

பீங்கான்பேட்டை,
விருத்தாசலம்.
9-8-1970

சிரஞ்சீவி அனந்தராமனுக்கு உன் அத்திம்பேர் கனகசபாபதி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. உன் அக்கா அம்புஜவல்லியும் நானும் தேகத்தளவில் சௌக்கியம். மனத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் வாசகசாலை ஆண்டு மலருக்கு, 'ஒழுக்கம், தன்னம்பிக்கை, பொதுவாழ்வு' பற்றி ஒரு ராஜதந்திரியின் சிந்தனைகளாக நாலு பக்கம் கேட்டிருந்தாய். பஞ்சாயத்து மெம்பரை ராஜதந்திரி என்று அழைக்க மைத்துனனுக்குத்தான் மனம் வரும். ஆனால் என்னால் எழுத முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், அதையும் மலரில் போட்டுவிடாதே.

எங்கள் சூளைத் தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய் அனுமதியாகியிருந்தது. இங்குள்ள பெண்கள் விடியுமுன்னே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏழு மணிக்குள் பீங்கான் பட்டறைக்கு ஓடவேண்டும். தாமதமானால் கதவை அடைத்துவிடுவார்கள். போன மாதக் கூட்டத்தில் தலைவர் ராஜமாணிக்கம், அந்தக் குழாயைத் தம் மாமனாரின் அரிசி மில் முனைக்கு மாற்றலாம் என்று ஒரு தீர்மானம் படித்தார். அவர் படித்தது 'மாற்றலாம்' என்றா 'மாற்றலாமா' என்றா என்பது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. முப்பத்தாறு வருஷம் வகுப்பில் 'சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கு' என்று சொல்லியே பழகியவன் இல்லையா, கையைத் தூக்கினேன். ஒன்பது பேரில் நாலு கை ஏற்கெனவே மேலே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"வாத்தியாரும் தூக்கிட்டாருப்பா. அஞ்சு. எழுதிக்க பாவாட" என்றார் தலைவர். குமாஸ்தா பாவாடை எழுதிக்கொண்டான். உடனே இறக்கினால் நிலையில்லாத மனுஷன் என்று நினைப்பார்களே என்று கையை இன்னும் சற்று நேரம் மேலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் பட்டறையில் பீங்கான் சாமான்களுக்கு வைக்கோல் சுற்றும் கொளஞ்சியம்மாள் வழியில் மறித்தாள். "என்னாங்க வாத்தியாரய்யா, நம்ம கொழாய நீங்களே தூக்கிக் குடுத்தீங்களாமே?"

"கையைத்தானம்மா தூக்கினேன்" என்றேன்.

"அதத்தாங்க நானும் சொல்றன்."

உன் அக்காவிடம் சொன்னதற்கு, "கையை மடியிலே வச்சுண்டு உட்காரப்படாதோ? வகுப்பிலேகூட ஒரு பிள்ளையும் உங்களைச் சந்தேகம் கேட்டதில்லையே" என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன். பயத்தைப் பணிவு என்று பெயர் சொல்லி அழைத்தே அறுபத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். ஊரும் அதையே நற்குணம் என்றது; நானும் நம்பினேன். கெட்டவன் ஒருவன் கை தூக்கினால் ஊர் ஜாக்கிரதையாக இருக்கும். என்னைப் போன்றவன் தூக்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறது. ஒரு நிமிஷம் வாய் திறந்திருந்தால் போதும். அந்த நிமிஷத்தை நினைத்துத் தினமும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் கவலைப்படாதே. நாளை மாலை நாலு மணிக்குக் கூட்டம். உட்கார்ந்தபடி கை தூக்குவதில்தானே இத்தனை குழப்பம்? ஆகவே எழுந்து நிற்பேன். 'நான் கை தூக்கியது சந்தேகத்துக்காக, சம்மதத்துக்காக அல்ல' என்று தாளில் எழுதி, உரக்கப் படித்தும் பார்த்துவிட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் வாயுள்ள பிள்ளைகளாக வாழவேண்டும்.

அன்புள்ள,
கனகசபாபதி

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றுத் தபாலில் சேர்க்க மறந்தேன். கூட்டம் நடந்தது. தயங்கித் தயங்கி நான் எழுந்திருக்கும்போது மணி ஆறு. தலைவர் என்னைப் பார்த்ததும், "வாத்தியாரு நன்றியுரை சொல்றாரு, யாரும் கௌம்பாதீங்க" என்றார். சொன்னேன். தலைவருக்கும், அவர் மாமனாருக்கும், குமாஸ்தாவுக்கும் நன்றி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மில் முனையில் இன்று காலை பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். நேற்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள், நான் படியிறங்கியபோது, "நல்லாத்தாங்க பேசறீங்க வாத்தியாரய்யா. எங்களுக்கோசரம் ஒரு நாளு பேசுங்க" என்றாள்.