தலைவரும் அதிகாரியும் ஒரே ரயிலில்

ஆளைப் பார்த்தவுடனே எடைபோட்டுவிடுவேன் என்று இருபத்து மூன்று வயதில் எனக்கொரு கர்வம் இருந்தது. அது தாம்பரத்திலிருந்து சேலையூர் போய்ச் சேர்ந்ததும் செத்துப்போனது.

வன உரிமைச் சட்டம் வந்த புதிது. தெற்கே ஒரு மழைக்காட்டை வனத்துறையும், அங்கேயே வாழும் காணிப் பழங்குடி மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது பற்றிப் பேச, நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் சேலையூரில் கூட்டம் போட்டது. இரு தரப்பையும் ஒரே மேடைக்குச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்கில் கெஞ்சியிருந்தோம். வன அதிகாரியும் காணித் தலைவரும் திருநெல்வேலி ரயிலில் ஒரே பெட்டியில் வருகிறார்கள், அழைத்து வா என்றார்கள். அதிகாரிக்குக் கார், தலைவருக்கு என் ஸ்கூட்டர். (பட்ஜெட் அவ்வளவுதான்.)

அந்தப் பெட்டியிலிருந்து இறங்கியவர்களே இரண்டு பேர்தான். முதலாமவர் இஸ்திரி போட்ட சட்டை, பளபள ஷூ. பூங்கொத்தைத் திணித்து, அவர் வாய் திறப்பதற்குள் காரில் ஏற்றிவிட்டேன். இரண்டாமவர் கைலி, ரப்பர் செருப்பு, முள்ளுத்தாடி.

"மலையிலேர்ந்துதானே வர்றீங்கண்ணா?"

"ஆமா தம்பி."

வழியெல்லாம் என் சொற்பொழிவு. சிக்னலில் சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்பதைக்கூட விளக்கினேன். (அவர் பதிலுக்கு என் ஹெல்மெட் எங்கே என்று கேட்டார்.) பிறகு தைரியம் சொன்னேன்.

"ஃபாரஸ்ட்காரங்களுக்கு ஏசி ரூமைத் தவிர ஒண்ணும் தெரியாதுண்ணா. மேடையில பயப்படாம திட்டுங்க. நான் கைதட்டுறேன்."

மண்டபத்துக் குளியலறைக்குள் கைலியோடு போனவர், காக்கி உடுப்பில் வெளியே வந்தார். அவர்தான் வன அதிகாரி. மேடையிலோ அவருடைய பெயர்ப்பலகைக்குப் பின்னால் காணித் தலைவர் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். கூட்டமும் போச்சு, என் வேலையும் போச்சு என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அதிகாரி நிதானமாகப் போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை எடுத்தார். வனத்துறையை நன்றாகத் திட்டும்படி தனக்கு உத்தரவு வந்திருப்பதாகவும், கைதட்ட ஆள் தயார் என்றும் அறிவித்தார்.

தலைவர் சிரிக்கவே இல்லை. "அப்ப இன்னைக்கு நான்தான் அதிகாரி. இனிமே காட்டுக்குள்ள ரோந்து போனா எங்க ஆளுங்களும் கூட வருவாங்க. சம்மதமா?"

"சம்மதங்கய்யா" என்றார் காக்கிச்சட்டை.

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. மாலையில் நிறைவேறிய முதல் தீர்மானமே கூட்டு ரோந்துதான். என் வேலையும் தப்பியது.

அடுத்த வருஷம் என் நிக்காஹ்வுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். என்னைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்ற என் அண்ணனுக்கு மாலை போட்டு, "மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள்" என்றார்கள். டிரெஸ்ஸைப் பார்த்து முடிவு பண்ணினார்களாம்.

இன்றும் மாமனார் வீட்டு விருந்தில் பிரியாணியின் முதல் தட்டு "மாப்பிள்ளைக்கு" என்று அண்ணனிடம்தான் போகிறது.