மாமா முகத்தில் விழுந்த புள்ளிகள்

காஞ்சிபுரம்
23-8-2006

வாலாஜாபாத்தில் சகல சௌபாக்கியங்களோடும் முழங்கால் வலியோடும் வாழ்ந்துவரும் அன்புள்ள அக்கா அம்சவேணிக்கு, தம்பி ராஜவேலு பணிந்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மருமகளான என் பெண் பிரியதர்ஷினி, அவள் கடையின் லேசர் மிஷின் மூவரும் நலம். அங்கே ராஜகோபால் மாமா நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

எதிர்வீட்டு வடிவு நேற்று பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தாளே, "உன் தம்பி மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்று ஓதியிருப்பாள். நம்பாதே அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுப் பந்தியில் மாமாவின் அம்மைத் தழும்பைப் பார்த்து, "மாமா, சோழி இருந்தா குடுங்க, உங்க கன்னத்துல பல்லாங்குழி ஆடலாம்" என்று சொன்னவன் நான்தான். ஊரே சிரித்தது. மாமா மட்டும் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போனார். அன்றிலிருந்து என் வாசற்படியை மிதிக்கவில்லை. என் வாய்க்குப் பூட்டு கிடையாது, சாவி மட்டும்தான் உண்டு. அதனால்தான், இன்னும் ஒன்பது நாளில் வரும் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் தேக்குப் பலகையில் உங்கள் இருவர் உருவத்தையும் பொறித்து எடுத்துவந்து, மாமா காலில் விழுந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

பிரியதர்ஷினி கம்ப்யூட்டரில் உங்கள் பக்கவாட்டு முகங்களைக் கோடாக வரைந்தாள். கோட்டுக்குள்ளே கறுப்பாக நிரப்பினால் அந்த இடத்தை லேசர் சுட்டுத் தள்ளும். உன் முகத்தை அவளே இரண்டு நிமிஷத்தில் நிரப்பிவிட்டாள். மாமாவை என் கையால்தான் நிரப்புவேன் என்று அடம்பிடித்தேன். ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்ததற்குச் சாட்சி உண்டு, வெளியே வந்ததற்கு இல்லை. ஆனாலும் முப்பது வருஷம் கிராப் தாளில் புடவைக்கு அன்னமும் யாளியும் போட்டவனாச்சே.

"ஹேட்ச்சுனு இருக்குது பாரு, அத்த அமுக்கு. சாலிட்னு எடுத்துக்கோ. அப்புறம் மாமா மூஞ்சிக்குள்ள எங்கனா ஒரு வாட்டி கிளிக் பண்ணுப்பா, ரொம்பிக்கும்" என்றாள். கிளிக் பண்ணினேன். ரொம்பவில்லை. இங்கிலீஷில் ஏதோ திட்டியது.

"இன்னாமா சொல்லுது?"

"கோடு எங்கியோ மூடலையாம்பா. மூக்குக்கும் மீசைக்கும் நடுவுல சந்து இருக்குது பாரு."

ஒரு மயிரிழைச் சந்துக்காக மாமாவை நிரப்ப மாட்டேன் என்கிறது. அதைத் தேடி ஒட்டவே பகல் சாப்பாடு ஆறிவிட்டது. அதற்குள் அவள் பாங்குக்குக் கிளம்பிவிட்டாள். நான் தனியாகக் கிளிக் பண்ணினேன். மாமா முகம் முழுக்கக் கறுப்பாக நிரம்பியது. புடவையில் அவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரே ஜரிகையாக விட்டால் நூல் தளர்ந்து தொங்கும், வளையல் மாட்டிக் கிழியும். எட்டுக் கட்டத்துக்கு ஒரு புள்ளி விட்டு நூலைக் கட்டிப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் முகத்தினுள்ளே அங்கங்கே சின்ன வட்டம் போட்டு மறுபடி நிரப்பினேன். வட்டத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் ரொம்பிக்கொண்டது. பெருமையோடு மிஷினை ஓட்டினேன்.

பாங்கிலிருந்து வந்தவள் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா பண்ணிக்கினு இருந்த?" என்றாள்.

"கட்டு விட்டேம்மா. இல்லாங்காட்டி ஜரிகை தொங்கிடுமே."

"பலகையில ஏதுப்பா ஜரிகை?"

அப்போதுதான் உறை மோர் கேட்டு வந்த வடிவு எட்டிப் பார்த்தாள். "அச்சு அசல் ராஜகோபால் அண்ணன்" என்று சொல்லிவிட்டு, மோரைக்கூட வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

அக்கா, குலதெய்வத்துமேல் சத்தியமாக அது கைப்பழக்கம்தான், கேலி இல்லை. வேறு பலகையில் புள்ளியே இல்லாமல், வழவழவென்று மாமாவைப் புதிதாகச் செய்துவிட்டேன். விசேஷத்துக்கு அதைத்தான் கொண்டுவருவேன். பழைய பலகை அடுப்புக்குப் போகிறது. நீதான் மாமாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உன் முழங்கால் வலி என் வாய்க்கு மாறி, நீ நூறு வருஷம் நடக்கவும் நான் சற்று அடங்கவும் ஏகாம்பரநாதர் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
ராஜவேலு

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போது வாசலில் செருப்புச் சத்தம். மாமா. மச்சானுக்கு நேரில் பத்திரிகை வைக்காமல் தீராது என்று நீதான் விரட்டினாயாமே. இரண்டு பலகையும் சுவரோரம் சாய்ந்திருந்தன, மறைக்க நேரமில்லை. வழவழப்பானதைக் காட்டி, "இது யாரு?" என்றார். நீங்கள்தான் என்றேன். "அறுவது வருசமா இந்த ஆள நான் பாத்ததில்லையே. போட்டோ புடிக்கிறவன்லாம் தழும்ப அழிச்சுட்டு இவனத்தான் புடிச்சுக் குடுக்குறான்" என்றார். பிறகு புள்ளிப் பலகையை எடுத்து விரலால் தடவி, அதே விரலால் தன் கன்னத்தையும் தடவினார். "கன்னத்துல மூணு ஒட்டினாப்ல, தாடை ஓரம் ரெண்டு. நானும் தறியில உக்காந்தவன்தான்டா. கட்டுன்னா எட்டுக்கு ஒண்ணு இல்ல வரணும்?"

நான் கூரையைப் பார்த்தேன் அக்கா. ஓட்டில் பல்லி ஒன்று இருந்தது.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா உட்கார்ந்தார். அன்றைக்கு விட்டுப்போன பாயசம் வேண்டுமாம். பிரியதர்ஷினி அடுப்பு பற்றவைக்கிறாள். மேலே எழுதியதைப் படிக்காதே. சத்தியம் பண்ணிய வரியை மட்டும் நன்றாக அடித்துவிடு.