உள்ளே புகுந்தவன்

தேர்வு தொடங்கும் நேரம். தஸ்னீமின் திரையில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கன்டெய்னர்கள் இருந்தன.

ராயபுரத்திலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் லேபைக் கவனிப்பவள் அவள். சர்வருக்குள் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கன்டெய்னர். வீட்டிலிருந்தே அதைத் திறந்தால் லேபில் உட்கார்ந்த மாதிரிதான். எல்லாவற்றையும் நேற்று அவளே உருவாக்கியிருந்தாள். பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் ஜேக்கப் சார். மகனுக்குக் காய்ச்சலென்று அவர் இன்று லீவு.

"அப்போ உள்ள பூந்தது யாரு?"

கேள்வித்தாளும் அதே சர்வரில்தான் இருந்தது. கூடுதலாக இருந்தவற்றை அழித்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் அத்தனையும் திரும்பி வந்தன. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை அழித்ததில், அவசரத்தில் மாணவர்களுடையதும் பாதி போய்விட்டது.

போன் அலறியது.

"மிஸ், என் கன்டெய்னரக் காணோம்!"

எம்.கே.பி. நகரிலிருந்து சங்கமித்ரா. அழுகிற பெண்ணிடமிருந்து போனை அவள் அப்பா பிடுங்கினார்.

"லட்சுமணன் பேசறேன் மேடம். நானும் கன்டெய்னர் லாரிதான் ஓட்றேன். ஒண்ணு காணாம பூட்சின்னா ஹார்பர்ல என்னிய சும்மா வுடுவானா? நீங்க இன்னா, கூலா கீறீங்க?"

"கூலா எங்கண்ணா? பாத்துகினேதான் கீறேன்!"

போனவற்றை மறுபடி உருவாக்க ஆரம்பித்தாள். உருவாக்க உருவாக்க, அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக மறைந்தன. இப்போது அவன் அழிக்கிறான்! கூடவே அவனுடையவை பெருகிக்கொண்டே போயின. சர்வர் மூச்சுத் திணறி நின்றது. போன் விடாமல் அடித்தது.

"வேலையே போனாலும் சரி, கேள்வித்தாள் போவக்கூடாது!"

தஸ்னீம் ஓடிப்போய் சர்வரின் நெட் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். அத்தனை மாணவர்களும் ஒரே நொடியில் வெளியே. அவனும் வெளியே. நாற்காலியில் சாய்ந்தாள்.

மேல்மாடியில் யாரோ மேசையைக் குத்துகிற சத்தம் கேட்டது.

டீ கொடுக்க வந்த ஞானம் அக்கா அவளைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னா மேடம், நீங்களும் இப்டி வேத்து வழியறீங்க? கொழந்திக்கி ஜொரம் வுட்டுச்சின்னு ஜேக்கப் சார் வந்து மேலதான் குந்திகினு கீறாரு. புள்ளைங்களுக்கு ஸ்பேரா இருக்கட்டும்னு அவுரு போடப் போட, எவனோ களவாணி உள்ள பூந்து அழிச்சிகினே கீறானாம்! அவன் புச்சா போட்டதயெல்லாம் இவுரும் வுடாம அழிச்சாராம்!"