பிரியாணி டோக்கனுக்கு நான் வைத்த பேமெண்ட் கேட்வே

சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பெண்ணைப் பெற்ற அப்பாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே நாலு பேர் கூடினாலும், யாரும் கேட்காமலேயே, "அதெல்லாம் நம்ம பொண்ணு பண்ணிடுவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். என் அப்பாவுக்கு அது முற்றிய நிலை.

அப்பா அப்போது மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பொருளாளர். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் மட்டன் பிரியாணி போடுவோம். டோக்கன் விற்ற காசில்தான் பிரியாணி மாஸ்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் சபைக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "இனிமே பேப்பர் டோக்கன் கெடையாது, எல்லாம் ஆன்லைன்" என்று அறிவித்துவிட்டார். பழைய பொருளாளர் எபனேசர் அங்கிள் விடுவாரா? பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "காசக் கண்ணுல பாக்காம டோக்கன் குடுக்கிறதா? தப்பு நடந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். "நான் பொறுப்பு. தப்பு நடந்தா அடுத்த எலெக்ஷன்ல நிக்கவே மாட்டேன்" என்று சபை முன்னால் சொல்லிவிட்டு வந்தார் அப்பா. (சவால் அவருடையது, வேலை என்னுடையது. நல்ல ஏற்பாடு!)

பேமெண்ட் கேட்வே என்றால் பெரிய விஷயமில்லை. வெப்சைட்டுக்கும் பேங்க்குக்கும் நடுவில் நின்று காசை வாங்கிக் கொடுக்கும் தரகர். ஆனால் அந்தத் தரகர் கம்பெனி பண்ணிய அலும்பு இருக்கிறதே! சபையின் பான் கார்டு கேட்டார்கள். கொடுத்தோம். மங்கலாக இருக்கிறது என்றார்கள். மறுபடியும் கொடுத்தோம். அடுத்து, வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான விதிமுறை வெப்சைட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள்.

"சார், இது பிரியாணி. சாப்பிட்டத எப்படி சார் திருப்பி அனுப்புவாங்க?"

"பாலிசி பேஜ் கம்பல்சரி மேடம்" என்றது கஸ்டமர் கேர்.

எழுதித் தொலைத்தேன். அதற்குள் கூடுவாஞ்சேரியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என்னை அப்பா போனில் கூப்பிட்டு, "ஃபாரத்துல சந்தா நம்பரும் கேளும்மா, அப்பதான் எந்தக் குடும்பம்னு தெரியும்" என்றார். எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு சந்தா அட்டை உண்டு. மாதக் காணிக்கையெல்லாம் அதில்தான் ஏறும். சரி போ என்று அந்தக் கட்டத்தையும் சேர்த்தேன்.

இந்த கேட்வேக்கு இரண்டு சாவி தருவார்கள். ஒன்று ஒத்திகைக்கு, இன்னொன்று நிஜத்துக்கு. ஒத்திகைச் சாவியில் காசு நகராது. பணம் கட்டப் போனால் ஒரு பொம்மை பேங்க் பக்கம் வரும். அதில் சக்ஸஸ், ஃபெயிலியர் என்று இரண்டே பட்டன். எதை அமுக்குகிறோமோ அதை வெப்சைட் அப்படியே நம்பும். எங்களைப் போன்றவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான வசதி அது. ஒருவழியாக அனுமதி வந்ததும் நிஜச் சாவியைப் போட்டேன், பத்து ரூபாய் கட்டிப் பார்த்தேன், ஒழுங்காகப் போனது. கெட்டிக்காரிடி ஜெனி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்பா லிங்க்கை சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். டோக்கன் பறந்தது.

"பேங்க்ல இன்னும் ஒண்ணும் வரலையேம்மா?"

"கேட்வேல இருந்து வர ரெண்டு மூணு நாள் ஆகும்ப்பா. அதுதான் முறை. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

(யாருக்குப் புரியவில்லை என்பது பண்டிகைக்கு முந்தின நாள் தெரிந்தது.)

அன்று காலை முடிச்சூரில் எங்கள் வீட்டு வாசலில் எபனேசர் அங்கிள், கையில் போனுடன். "என்னம்மா ஜெனி, ஒன் மெஷின் எனக்கு மட்டும் டோக்கன் தர மாட்டேங்குது."

"நெட்வொர்க் ப்ராப்ளமா இருக்கும் அங்கிள். மத்த எல்லாருக்கும் ஒர்க் ஆகுதே."

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேமெண்ட் சக்ஸஸா ஃபெயிலியரான்னு கேக்குது. அக்கவுண்ட்ல இருந்து காசே போகல, நான் எப்படிம்மா சக்ஸஸ்னு அமுக்குவேன்? ஃபெயிலியர்னு அமுக்கினா டோக்கன் இல்லங்குது. நேத்துல இருந்து உண்மையையே சொல்லிட்டிருக்கேன், கேக்க மாட்டேங்குது!"

போனை வாங்கிப் பார்த்தேன். பொம்மை பேங்க். நிஜச் சாவியை நான் போட்டது என் லேப்டாப்பில். ஊரே பார்க்கும் சர்வரில் போடவே இல்லை. அத்தனை டோக்கனுக்கும் சேர்த்து வந்த உண்மையான பணம், என்னுடைய பத்து ரூபாய்.

பக்கத்துத் தெரு ஸ்டெல்லா ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, காசு போகலையேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"சந்தா நம்பர் கேட்டியேம்மா, அதுல ஏத்திக்குவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சக்ஸஸா ஃபெயிலியரான்னு கேட்டுது. சபை வெப்சைட்ல போயி யாராவது ஃபெயிலியர்னு அமுக்குவாங்களா? ஜெபம் பண்ணி, விசுவாசத்தோட சக்ஸஸ் அமுக்கினேன்."

அட ஆண்டவரே! சபை மொத்தமும் விசுவாசத்தோடு அமுக்கியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போனில் பிரியாணி மாஸ்டர். "இன்னா சார், கறி சொல்லியாச்சு, அரிசி வந்துகினு கீது, பாக்கி துட்டு எங்க சார்? பேஜார் பண்ணாத சார்."

"காலைல குடுத்துடறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அப்பா மைக்கைப் பிடித்தார். "ஆன்லைன்ல சக்ஸஸ் அமுக்கின சகோதர சகோதரிகள் எல்லாரும் தயவுசெஞ்சு வெளியில கேஷ் குடுத்துட்டுப் போங்க." கோயிலே சிரித்தது. பாஸ்டர் ஐயா வேதப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வாசலில் மேஜை போட்டு வசூல் பண்ணியவர் வேறு யார், எபனேசர் அங்கிள்தான். "எனக்கு சக்ஸஸ்னு மெயிலே வந்திருக்கே" என்று சண்டைக்கு வந்தவர்களையும் அவரே சமாளித்தார். அண்டாவைத் திறப்பதற்கு முன் மாஸ்டர் கைக்குக் காசு போய்விட்டது.

ஆனால் அப்பா அடுத்த எலெக்ஷனில் நிற்கவில்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "சபை முன்னாடி சொன்னது சொன்னதுதாம்மா" என்று முடித்துவிட்டார். எபனேசர் அங்கிள் பொருளாளர் ஆனார், பேப்பர் டோக்கன் திரும்பி வந்தது. பண்டிகை என்ற பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்புறம் அதே கோயிலில் என் கல்யாணம். "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று பாஸ்டர் ஐயா கேட்டார். நான் வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து எபனேசர் அங்கிளின் குரல்: "அவசரப்படாத ஜெனி, பாத்து அமுக்கு!"

மாப்பிள்ளை வெளியூர்க்காரர். "எத அமுக்கணும்?" என்று என்னிடம் பதற்றமாகக் கேட்டார். எல்லாருக்கும் முந்தி வெடித்துச் சிரித்தவர் அப்பா. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா கல்யாண வீடியோவில் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவாள். அதில் அப்பா சிரிக்கிற சத்தம்தான் கேட்கும். நான் சம்மதம் என்று சொன்னது பதிவாகவே இல்லை.