மிச்சமிருக்கும் ஒன்றைப் பேக்கிங் செய்த விவரம்

அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் எனக்கு எல்லாவற்றிலும் யோசனை சொல்லிவரும் மாமா அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அந்த நலத்தில் என் பங்கில் பாதி போன மாதம் போய்விட்டது, அந்த விவரம்தான் இந்தக் கடிதம். தனியாக இருக்கும்போது படிக்கவும்.

போன மாதம் ஒருநாள் காலையில் வயிற்றுவலி என்று உங்களுக்குப் போன் செய்தேன் அல்லவா, அது வயிறு இல்லை மாமா. இடது விதை, தொங்கும் கொடியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டுவிட்டது. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு நாலு விரற்கடை மேலே தள்ளிச் சொன்னேன், நீங்கள் சோடா குடிக்கச் சொன்னீர்கள், மூன்று பாட்டில் குடித்தேன், உங்கள்மேல் தப்பே இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த ஓட்டம் நின்று இடது செத்துப்போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். கையோடு வலதையும் முறுக்கிக்கொள்ளாதபடி தையல் போட்டு நிறுத்திவிட்டு, இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். கல்யாணமாகி நாலு வருஷம், வீட்டில் இன்னும் குழந்தைச் சத்தம் இல்லை. இதுவும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நிஜமாகவே அழுதேன்.

பத்திரம் என்று என்னிடம் சொல்லலாமா? கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக பேக்கிங் பிரிவில் இருப்பவன், ஒரு டம்ளரில்கூடக் கீறல் விழவிட்டதில்லை. முதலில் பஞ்சு, அதன்மேல் குமிழித்தாள், அதன்மேல் ஜாடிக்குப் போடும் அட்டைக்கூடு, சுற்றிலும் டேப். லீவு முடிந்து அப்படியே வேலைக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் மடியில் என்ன பார்சல் என்று கேட்டார், சொந்தச் சாமான் என்றேன். உட்கார்ந்தால் குமிழி படபடவென்று வெடிப்பதால் மீட்டிங் முழுக்க நின்றேன், என்ன மரியாதை பாருங்கள் என்று மேனேஜர் எல்லோரிடமும் புகழ்ந்தார். ஐந்தாம் நாள் உள்ளே எரிச்சல், வலி. இந்தத் தடவை ஒளிக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே வலது விதை வலிக்கிறது என்று உரக்கச் சொன்னேன், கூடமே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தார். அட்டையில் அச்சடித்திருந்த "கண்ணாடி, கவனம்" என்பதை நர்சுக்கு வாசித்தும் காட்டினார். வெறும் வேர்க்குருதான் மாமா.

"இதுக்குச் சூடே ஆகாதுய்யா, நீ போட்டுப் புழுங்க வெச்சிருக்க. உள்ள தையல் இருக்கு, இனி முறுக்கிக்கிறது ரொம்ப அபூர்வம். விளையாடப் போனா மட்டும் அடிபடாம இருக்க கார்டு போடு. வலிச்சா இன்னைக்கு மாதிரி உடனே ஓடி வா. பிள்ளைக்கும் மீசைக்கும் ஒண்ணே போதும்."

ஒன்றே போதும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள் மாமா, அங்கே வலித்தால் அங்கே என்றே சொல்லட்டும். மனைவிக்கும் தைரியம் சொல்லிவிட்டேன், காத்த ஒன்று நம்மைக் கைவிடாது என்று.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு எல்லாம் இரண்டிரண்டாகவே நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
பாரம் குறைந்த மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் அவள் இதைப் பிடுங்கிப் படித்து அரைமணி நேரம் சிரித்தாள். முழுகாமல் இரண்டு மாதம் முடிந்துவிட்டதாம், இன்றுதான் டாக்டரம்மா உறுதியாகச் சொன்னாராம். நாட்களை எண்ணிப் பார்த்தால் ஆபரேஷனுக்கு முந்தியது. "நீங்க கட்டிக் காத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறாள். பஞ்சு சுற்றி நான் காப்பாற்றியதா, சோடா ஊற்றி நாம் வழியனுப்பியதா, எது செய்த உபகாரம் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டேன்.