பதினேழாம் எண் தகடு

அலமாரியில் பதினேழாம் எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலந்திதான் இருந்தது.

ஹிமேனா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. நடுவில் வெறும் இடைவெளி. ஒரு வாரம் கீழே லா செரேனா நகரில் விடுப்பில் இருந்துவிட்டு அன்று காலைதான் பேருந்தில் தொலைநோக்கி இருக்கும் பெர்தீஸ் மலைக்கு ஏறி வந்திருந்தாள். தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

தகடு என்றால் ஏதோ சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வண்டிச் சக்கரம் அகலத்துக்கு அலுமினியம், அதில் பொடிப்பொடியாக அறுநூறு ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு நட்சத்திரம் வந்து நிற்கப்போகும் இடம். பகலில் ஓட்டைக்கு ஒன்றாகக் கண்ணாடி இழையைச் செருகி வைத்துவிட்டால், இருட்டியதும் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பும்போது ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சமும் தன் இழை வழியே இறங்கி வானவில்லாகப் பிரியும். அந்த வானவில்லைப் படித்தால், அந்த நட்சத்திரம் எதனால் ஆனது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு தகட்டுக்கு ஒரு துண்டு வானம்.

வானியல் ஆய்வாளரான ஹிமேனாவின் நட்சத்திர வரைபடத்தில் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. பதினேழாம் துண்டு. அது இப்போது பொழுது சாய்ந்ததும் மேற்கில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடுகிறது. அடுத்த வாரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். திரும்பி வரும்போது ஹிமேனா இந்த மலையில் இருப்பாளா என்பது அந்தத் துண்டின் கையில்தான் இருந்தது. வரைபடம் முழுசானால் வேலை நீடிக்கும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தலைவர் உந்துர்ராகா சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். அதனால் இன்றைய இரவுக்கான திட்டத்தை அவள் விடுப்பில் இருந்தபோதே இழைத்து இழைத்துப் போட்டிருந்தாள். இருட்டியதும் முதல் தகடு பதினேழு. நிலா ஏறுவதற்குள் மற்றவை.

இழை செருகும் நிபால்டோ தன் முக்காலியில் உட்கார்ந்து கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் அதே பேருந்தில் ஏறி வந்தவர்.

"முதல் தகட்டைக் கொண்டாங்க டாக்டரம்மா. கை நல்லாயிருக்கும்போதே செருகிடறேன்."

காணோம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தகடு மாட்டும் முதல் சட்டம் காலியாகக் கிடந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்பான். ஆகவே கைக்கு வந்த இருபத்திரண்டை எடுத்து நீட்டி, முதலில் இதைச் செருகுங்கள் என்றாள்.

"திட்டத்துல பதினேழுன்னு இருக்கே?"

"மாத்திட்டேன் அண்ணே."

"நீங்களா? ஒரு தடவை போட்ட திட்டத்துல கமாவைக்கூட மாத்த மாட்டீங்களே," என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே முதல் இழையை எடுத்தார்.

அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து உந்துர்ராகா. எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார். எல்லாம் தயார், பதினேழு செருகியாகிவிட்டது என்று ஹிமேனாவின் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். நிதிக் குழுவினர் எல்லாரும் இன்று ஊரில்தான் இருக்கிறார்களாம். அவர்களைத் திரை முன்னால் உட்கார வைத்து, கடைசித் துண்டின் முதல் வானவில் விழுவதை நேரடியாகக் காட்டப்போகிறாராம். நீயே அவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சும்மா இருந்திருந்தால் ஒரு தகடு போன கவலையோடு போயிருக்கும். இப்போது அதற்கு ஏழெட்டுப் பார்வையாளர்கள்.

புதுக் குழு மலையேறும் நாளில் மத்தியானம் ஒரு கூட்டம் உண்டு. போன வாரம் இரவுகளில் என்ன நடந்தது என்று வாசித்துக் காட்டுவார்கள். அங்கே போனால் பதினேழைப் பற்றிப் பேச்சு வரும், தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து அவள் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நிபால்டோவையும் போக விடவில்லை. இரவில் வேலை பார்க்கும் இரவுக்காரர்களைக் கேட்கலாம் என்றால் அவர்கள் தூங்குகிறார்கள். இந்த மலையில் கொலைகூட மன்னிக்கப்படலாம், பகலில் தூங்குகிற இரவுக்காரரை எழுப்பியவருக்கு மன்னிப்பு கிடையாது. அவர்கள் படுத்திருக்கும் அறைகளை ஒட்டிய நடையில் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள்.

வேலை முடிந்த பழைய தகடுகள் பின்பக்கக் கொட்டகையில் கிடக்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கால் பொருத்தி மேஜை ஆக்கினார். இன்னொருவர் கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டார். அங்கே தவறிப் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று கொட்டகையைக் குடைந்தாள். இல்லை. அப்புறம்தான் சமையலறை ஞாபகம் வந்தது.

சமையல்காரி ஓர்ஃபெலினா அடுப்படியில் பூசணி மாவு வடைகளைப் பொரித்துப் பொரித்து ஒரு பெரிய தகட்டின் மேல் எண்ணெய் வடியப் பரப்பிக்கொண்டிருந்தாள்.  ஹிமேனா வடைகளை இரண்டு கையாலும் ஒதுக்கி எண்ணைத் தேடினாள். நான்காம் எண். ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துபோன துண்டு.

"பசின்னா கேட்டு வாங்கித் தின்னு கண்ணு. கோழி மாதிரி கிளறாதே."

பதினேழைத் தேடுகிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஓர்ஃபெலினா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். புதன்கிழமை விடியற்காலையில் புதுசாகப் பளபளவென்று ஒரு தகட்டை யாரோ வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். முகம் தெரியவில்லை, தலையில் முக்காடு போட்டிருந்தது. வாயிற்காவல் பக்கம் போய்க் கேளேன் என்றாள்.

வாயிற்காவல் மலையடிவாரத்தில். ஹிமேனா வண்டியை எடுத்துக்கொண்டு புழுதி பறக்க இறங்கினாள். தகட்டைப் பற்றிக் காவலாளி எர்மோஹெனெஸைக் கேட்டாள். அவர் மோவாயால் பாதையின் வளைவைக் காட்டினார்.

அந்த வளைவில் லாலோவுக்கு ஒரு தகரக் கோயில் இருக்கிறது. நாய்க்கூண்டு உயரம்தான். லாலோ மலைக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவன். ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் அந்த வளைவோடு போனவன். கேட்டதைக் கொடுக்கிறான் என்று வழியில் போகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், தண்ணீர் பாட்டில் வைப்பார்கள், கேட்டது கிடைத்தவர்கள் நன்றிப் பலகை மாட்டுவார்கள். பலகைகளுக்கு நடுவில், கம்பி கோத்து, அறுநூறு ஓட்டைகள் வழியாகவும் மெழுகுவர்த்தி வெளிச்சம் சிந்தத் தொங்கிக்கொண்டிருந்தது பதினேழு.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹிமேனாவுக்கு அழுகை வந்தது.

நான் புதன்கிழமை காலையில் வந்தபோதே இருந்தது, யார் வைத்தார்கள் என்று தெரியாது என்றார் எர்மோஹெனெஸ். அவள் கம்பியை முறுக்க ஆரம்பித்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எடுக்கறது உங்க இஷ்டம். ஆனா லாலோகிட்டேருந்து எடுத்தவங்க யாரும் இந்த வளைவைச் சுகமாத் தாண்டினதில்லை."

"எத்தனை பேர் எடுத்திருக்காங்க?"

"இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை."

வெறுங்கையோடு எடுக்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், தன் மேல் இருந்த கனத்த குளிர்ச்சட்டையைக் கழற்றி லாலோவின் கோயில் மேல் போர்த்தினாள். மலை உச்சியில் இரவு எப்படி இருக்கும் என்பது கம்பியை அறுக்கும்போது அவளுக்கு நினைவில்லை. வளைவைத் தாண்டும்போது நினைவு வந்தது. அதை அவள் நடக்கிற வேகத்தில் தாண்டினாள். பின்னால் வந்த காய்கறி லாரிக்காரன் அவள் குலத்தையே விசாரித்துக்கொண்டு வந்தான்.

நிபால்டோ அப்போதுதான் இருபத்திரண்டின் கடைசி இழையைச் செருகிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பதினேழைப் பார்த்தார். கால்வாசி ஓட்டைகளில் மெழுகு. கம்பி கோத்த இரண்டு ஓட்டைகள் அகன்றுபோயிருந்தன. அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஹிமேனா மனதுக்குள் அஞ்சலி செலுத்தினாள்.

"மத்தியானம் பூரா செருகினேன். முதல்ல ஏறற சட்டம் இதுதான், இப்போ பூராத்தையும் பிடுங்கணும். இதுக்குப் பேருதான் ஆராய்ச்சியா டாக்டரம்மா?"

மெழுகுக்கு வெந்நீர்தான் மருந்து என்று அவரே யோசனையும் சொன்னார். சமையலறையிலிருந்து அண்டா வந்தது. வெந்நீர் பட்டதும் மெழுகு நன்றாகவே உருகியது. உருகித் தகடு முழுக்கப் பரவி, ஆறியதும், சுத்தமாக இருந்த முக்கால்வாசி ஓட்டைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

நிபால்டோ தகட்டைச் சாய்த்து நீரை வடித்தார்.

பிறகு ஹிமேனா சமையலறையிலிருந்த பல்குத்தும் குச்சிகளையெல்லாம் கேட்டாள். காரணம் சொல்லாமல் ஓர்ஃபெலினா ஒரு குச்சிகூடத் தரமாட்டேன் என்றாள். காரணத்தைச் சொன்னதும் குச்சியோடு தானும் வந்தாள், உதவிக்காரிகளையும் கூட்டிக்கொண்டு. அடுப்பை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலப் பலகாரம் தேடி வந்த பொறியாளர்களுக்கு ஆளுக்கொரு குச்சி கிடைத்தது. என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்கு, வருஷாந்திரச் சுத்தம் என்று ஹிமேனா சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. தகட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, பசியோடு, நட்சத்திரம் நட்சத்திரமாகக் குத்தினார்கள்.

அந்த மலையில் சூரியன் கடலில் முங்கும் நேரத்தில் எல்லாரும் மேற்குத் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவார்கள். கடைசி விளிம்பு சில நாள் பச்சையாக மின்னும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அன்று அது மின்னியதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. உந்துர்ராகா மறுபடி கூப்பிட்டு, குழு உட்கார்ந்தாகிவிட்டது, எங்கே வானவில் என்றார். இதோ என்றாள். இரண்டு பொறியாளர்கள் கை கொடுக்க, நிபால்டோ கடைசி இழையையும் செருகி முடித்தார். மேற்கு வானம் இருண்டுகொண்டிருந்தது. துண்டு இறங்க இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருந்தது.

ஹிமேனா குளிரில் வெடவெடத்துக்கொண்டு, கன்னத்தில் மெழுகோடு, தகட்டைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

கதவு திறந்தது. தொலைநோக்கி ஓட்டும் யாஸ்னா, இரவுக்காரி, தூங்கி எழுந்து தலைக்குக் குளித்த ஈரத்தோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், குச்சிகளைப் பார்த்தாள், சட்டத்தின் அருகே போய்க் குனிந்து எண்ணைப் பார்த்தாள். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி ஹிமேனாவோட துண்டு மேல மட்டுமாவது மேகத்தை விலக்கு, முடிச்ச தகட்டை உனக்கே கொண்டுவந்து மாட்டறேன்னு லாலோகிட்ட வேண்டிக்கிட்டேன். விலகிச்சு, அறுநூறையும் எடுத்து முடிச்சேன், சொன்னபடி போய் மாட்டினேன். அதை எந்தப் பாவி பிடுங்கிட்டு வந்தது?"